உடலே முரசு

ஒரு மக்களினத்திடமிருந்து எதையெல்லாம் பறிக்க முடியும்? நிலத்தை, பெயரை, மொழியை, பெற்ற பிள்ளையைக்கூடப் பறிக்கலாம் என்று காட்டியது அமெரிக்க அடிமைமுறை. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. முரசு போயிற்று; கையும் தொடையும் மார்பும் காலும் மிஞ்சின. உடம்பையே தட்டித் தாளம் எழுப்பும் ஜூபாவும், வட்டமாகச் சுற்றிவந்து காலால் தரையைத் தேய்த்து வழிபடும் ரிங் ஷவுட்டும் தோட்டங்களில் தழைத்தன.

அங்கிருந்து, அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள் வரிசையில் நின்று காலடியாலும் கைதட்டலாலும் தாளம் எழுப்பும் இன்றைய ஸ்டெப்பிங் ஆட்டத்துக்கு ஒரே நேர்க்கோடு இழுத்துவிட நமக்கு ஆசை வரும். நான் அப்படி இழுக்க மாட்டேன். உடலின் நினைவு ஆறு போன்றது. பல ஓடைகளைச் சேர்த்துக்கொண்டுதான் நடக்கிறது. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் தனித்துக் கிடந்த கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் சகோதர மன்றத்தை நிறுவினார்கள். இரண்டே ஆண்டில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெண்கள் மன்றம் பிறந்தது. காலப்போக்கில் இத்தகைய மன்றங்கள் ஒன்பதாயின. புதிதாகச் சேர்வோர் வரிசையாக நடந்து, பாடி, தம் மன்றத்தை வாழ்த்திய சடங்கிலிருந்து இந்த ஆட்டம் முளைத்தது. போருக்குப் போய்வந்தவர்களின் அணிவகுப்பு நடை அதில் கலந்தது. பின்னர் மேடைப் பாடகர்களின் அசைவும் கலந்தது. மெல்லப் பாட்டு பின்னே நகர, காலடி முன்னே வந்தது.

வரிசை, கட்டளை, ஒரே அடி. இம்மூன்றும் அடக்குமுறையின் கருவிகள் என்பதை நாம் அறிவோம். மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துச் சந்தைக்கு நடத்திச் சென்றதும் வரிசையில்தான். அப்படியிருக்க, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏன் தாமாகவே வந்து வரிசையில் நின்றார்கள்? ஒழுங்கு சுமத்தப்படும்போது மனிதர் சிறுத்துப்போகிறார். அதே ஒழுங்கை அவர் விரும்பி ஏற்று, பக்கத்தில் நிற்பவரின் மூச்சோடு தம் மூச்சை இசைத்து, தம் ஒரு கால் பிசகினால் எல்லோருடைய தாளமும் குலையும் என்று அறிந்தே அடியெடுத்து வைக்கும்போது, தம்மைவிடப் பெரிய ஒன்றின் உறுப்பாகிறார். அந்தப் பெரிய ஒன்றும் அவரில்லாமல் நிற்காது என்பதால், கூட்டத்தில் கரைந்த பின்னும் அவருடைய தனித்தன்மை அழியாமல் காக்கப்படுகிறது. சுதந்திரம் என்று நாம் சொல்வது கட்டுகளே இல்லாத நிலையை அல்ல, நம் கட்டை நாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் தொழிலாளர்களும் இதே வழியைக் கண்டார்கள். முதலாளி மாட்டிவிட்ட ரப்பர் பூட்சையே தட்டித் தாளமாக்கினார்கள். 1994இல் ஹோவர்டின் முன்னாள் மாணவர் சி. பிரையன் வில்லியம்ஸ் ஸ்டெப் ஆஃப்ரிகா குழுவைத் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோ நடனக் கலைஞர்களோடு கைகோத்தபோது, கடலின் இரு கரைகளில் தனித்தனியே வளர்ந்த இரண்டு ஆட்டங்கள் ஒரே மேடையில் சந்தித்தன.

ஆனால் விரும்பி ஏற்ற ஒழுங்கு மீண்டும் சுமத்தும் ஒழுங்காக மாறிவிட அதிக நேரம் ஆவதில்லை. சகோதரத்துவத்தின் பெயரால் புதியவர்களை அடித்து அவமானப்படுத்திய வழக்கம் இம்மன்றங்களுக்குள் வளர்ந்தது. 1990இல் மன்றங்கள் கூடிப் பழைய சேர்க்கை முறையைக் கைவிட்ட பின்னும், அந்தக் கொடுமை மறைவில் தொடர்ந்து உயிர்களைப் பலிவாங்கியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. சாட்டைக்குத் தப்பிய முன்னோரின் பெயரைச் சொல்லித் தம்பியின் முதுகில் தடியைப் பதிப்பவன் அந்த முன்னோருக்கு உறவினன் அல்ல.

அடியில்லாமலும் இந்த ஒழுங்கு கைவரும் என்பதற்குச் சான்று உண்டு. ஸ்டெப்பிங் இன்று பல்கலைக்கழக மன்றங்களைத் தாண்டிப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்விட்டது. 2017இல் வந்த 'ஸ்டெப்' என்னும் ஆவணப்படம் பால்டிமோரின் ஒரு பெண்கள் பள்ளியில் இந்த ஆட்டத்தைப் பயின்ற மாணவியரைப் பின்தொடர்கிறது. 2015இல் ஃப்ரெடி கிரே என்ற இளைஞர் காவல்துறையின் பிடியில் காயமடைந்து இறந்ததால் கொந்தளித்த நகரம் அது. அந்தக் கோபத்தையும் துக்கத்தையும் அவர்கள் காலடியாக்கினார்கள். அந்தப் பள்ளியில் படிப்பை முடித்து வெளியேறிய முதல் அணி மாணவியர் அனைவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது.