சொந்த ஏரி இல்லாத மீன்

ஃபிளவர்ஹார்ன் மீன் வளர்ப்பவர்கள் அதன் கோபத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கூட விட்ட மீனைக் கொன்றுவிட்டது, தண்ணீர் மாற்றப் போன கையைக் கடித்துவிட்டது என்பார்கள். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பார்க்கப் பார்க்க, அந்தக் கோபத்தில் பாதி நாம் உண்டாக்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதன் மூதாதைகள் மத்திய அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் சிக்லிட் மீன்கள். முட்டையிட்ட இடத்தை ஆணும் பெண்ணும் சேர்ந்து காக்கும்; குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் விட்டுப் பிரியாது. நெருங்கி வருவதை விரட்டுவது அந்தக் காவலின் பகுதி. ஏரியில் தோற்ற மீன் விலகிப் போய்விடும், சண்டை அத்தோடு தீரும். தொட்டியில் எங்கே போவது? தோற்றது ஜெயித்ததன் கண்ணெதிரிலேயே கிடக்கிறது. அதனால் அடியும் நிற்பதில்லை.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1963-ல் வெளியிட்ட நூலில் இதைவிடக் கலங்க வைக்கும் செய்தி உண்டு. சிக்லிட் ஜோடியைத் தனியாக விட்டால், விரட்ட ஆளில்லாத ஆண் தன் பெண்ணையே தாக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இன்னொரு ஜோடியை வைத்தால் ஆத்திரம் அந்தப் பக்கம் திரும்பி, குடும்பம் பிழைக்கும். தடுப்பில் பாசி படர்ந்து அண்டை மீன்கள் மறைந்தால் மறுபடியும் பெண்ணுக்குத்தான் அடி. இதை அவர் மனிதர்கள் வரை நீட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மால் வேறு விதமாக வாழ முடியும். ஆனால் தொட்டிக்குள் நடப்பதை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.

ஃபிளவர்ஹார்னின் நிலை இன்னும் பாவம். 1990-களில் மலேசியாவில் மனிதர்கள் சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய மீன் இது. எந்த ஏரியும் இதற்குச் சொந்தமில்லை. இதன் நெற்றிப் புடைப்பு அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி விரல் நீளக் குஞ்சாக வாங்கிப் போகிறார்கள். அது ஓரடி வளரும், பத்தாண்டு வாழும். அலுத்துப் போனவர்கள் நீர்நிலையில் விட்டால் அங்கிருக்கும் மீன்களுக்கு ஆபத்து. இந்தோனேசியாவின் மட்டானோ ஏரியில் இது பெருகி, அந்த ஏரிக்கே உரிய மீன்களை நெருக்குகிறது.

ஆகவே கடைசிவரை வைத்திருப்பதுதான் நியாயம். பெரிய தொட்டி, வாராவாரம் புதுத் தண்ணீர், யாரும் நுழையாத இடம். துணை வேண்டாமா என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். அந்தத் தேவை நம்முடையது. இதற்கு வேண்டியது இடம். விரலைக் காட்டிச் சீறவைத்து வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் நான் யாரையும் விடுவதில்லை. இதன் காலத்துக்குப் பிறகு இன்னொரு குஞ்சு வாங்கப் போவதுமில்லை.