துருவிப் பார்த்தல் ஆகுமா?

பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்துள்ளது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் வீண் சந்தேகம், துருவல், புறம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து விலக்குகின்றது. சந்தேகம் துருவத் தூண்டும்; துருவியவன் புறம் பேசாதிருக்க மாட்டான். அப்படியானால், குண்டு வைக்கத் திட்டமிடுவோர் என ஐயுறப்படுவோரைக் கைது செய்யுமுன் போலீசார் பின்தொடர்வதும், அவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்பதும் மார்க்கத்தின் பார்வையில் ஆகுமா?

உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு வரலாறு கூறப்படுகின்றது. இரவில் நகர்வலம் வந்த கலீஃபா அவர்கள், ஒரு வீட்டில் தகாத ஓசை கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றார்கள். அங்கு மதுவுடன் இருந்த மனிதர், தாம் செய்த குற்றம் ஒன்று, கலீஃபா செய்தவை மூன்று என்றாராம். துருவிப் பார்த்தது ஒன்று. வாசல் வழியே வராதது மற்றொன்று. ஸலாமும் அனுமதியும் இன்றி நுழைந்தது மூன்றாவது. கலீஃபா அவர்கள் அதை ஒப்புக்கொண்டு, அவரை விட்டுத் திரும்பினார்கள்.

நிற்க. அம்மனிதர் தமக்கே தீங்கு செய்து கொண்டவர். பிறர் உயிருக்கு உலை வைப்பவனின் விஷயம் வேறு. இமாம் மாவர்தி (வஃபாத் ஹிஜ்ரி 450) அவர்கள் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் இதைத் தெளிவாக்கியுள்ளார்கள். மறைவான பாவங்களை அதிகாரி தேடித் திரியலாகாது. ஆனால் ஒருவன் மற்றவனைக் கொல்வதற்காகத் தனியிடத்துக்குக் கொண்டு போயிருக்கிறான் என்று நம்பத் தகுந்தவர் வந்து சொன்னால் துருவிப் பார்க்கலாம். தாமதித்தால் அந்த இழப்பை ஈடு செய்ய இயலாது. ஆக நம்பகமான தகவல், மீட்க முடியாத தீங்கு ஆகிய இரண்டுமே இதற்கு நிபந்தனைகள்.

இங்கிலாந்தில் நடந்த இரு நிகழ்ச்சிகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

2004-ல் லண்டனில் வாடகைக் கிடங்கு ஒன்றின் ஊழியர்கள், அங்கு வைக்கப்பட்டிருந்த 600 கிலோ அம்மோனியம் நைட்ரேட் உரம் எதற்கு என்று ஐயுற்றுப் போலீசுக்குச் சொன்னார்கள். உளவுத்துறை முன்பே கவனித்து வந்த கும்பலின் சரக்கு அது. போலீசார் உரத்தை அகற்றி, தீங்கற்ற பொருளை அதனிடத்தில் வைத்துவிட்டுத் தொடர்ந்து கவனித்தனர். மார்ச் இறுதியில் கைது செய்தனர். 2007-ல் ஐவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இமாம் அவர்கள் சொன்ன இரு நிபந்தனைகளும் இங்கு நிறைவேறியுள்ளன.

அந்தக் கண்காணிப்பில் வேறு இருவரும் தென்பட்டனர். அவர்களை முக்கியமற்றவர்கள் எனக் கருதி விட்டுவிட்டனர். 2005 ஜூலை 7-ல் லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரில் அவ்விருவரும் இருந்தனர். மாண்டவர்களில் முஸ்லிம்களும் உண்டு.

'அப்படியானால் எல்லாரையுமே கண்காணித்துவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். பர்மிங்ஹாம் நகரில் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் இரு பகுதிகளில் 200-க்கு மேற்பட்ட காமிராக்களை வைத்தனர். அவற்றில் 72 மறைவானவை. சாதாரணக் குற்றத் தடுப்புக்கு என்று மக்களிடம் சொன்னார்கள்; பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. 2010-ல் இது வெளியாகியதும் மக்கள் கொதித்தனர். போலீஸ் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2011-ல் காமிராக்கள் அகற்றப்பட்டன.

முன்னதில் தகவல் ஆளைக் காட்டியது. பின்னதில் தெருவே குற்றவாளியாக நின்றது. கண்காணிக்கும் கண்கள் சிலவே. அவற்றை ஊர் முழுதும் சிதறவிட்டால், பார்க்க வேண்டியவனைப் பார்க்கத் தவறும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றுண்டு. கிடங்கு ஊழியர்களைப் போல் வாய் திறந்து சொல்பவர் இருந்தால்தான் சதி வெளிப்படும். ஏமாற்றப்பட்ட தெருவில் அப்படிச் சொல்ல யார் முன்வருவார்?

தகுந்த காரணத்துடன் கவனிக்கப்படுபவனும் நிரபராதியாக இருக்கக்கூடும். குண்டைத் தேடிக் கேட்கும் காதில் கணவன் மனைவி பேச்சும், கடன்பட்ட கதையும் விழத்தான் செய்யும். அவை அமானிதம். வழக்குக்கு வேண்டாததை வெளியிடுவது பெரும் துரோகம். ஆகவேதான் ஒட்டுக் கேட்க மேலதிகாரத்தின் எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்று சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. அந்தக் கட்டுப்பாடு தளரக் கூடாது.

நமக்கும் இதில் பொறுப்புண்டு. ஒருவன் கொலைக்குத் திட்டமிடுவதை உறுதியாக அறிந்தும், சமுதாயத்தின் மானம் போய்விடும் என்று வாய் மூடியிருப்பது மார்க்கமாகாது. அநீதி செய்பவனின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவ்விதமே, சொத்துத் தகராறையோ ஜமாஅத் சச்சரவையோ மனத்தில் வைத்து ஒருவர் மீது பழி சுமத்தித் தகவல் கொடுப்பதும், ஒரு வீட்டாரின் தலைவாசலை இரவும் பகலும் நோட்டமிட்டு ஊருக்குச் சொல்வதும் கொடிய பாவங்களே. நம் வீட்டுச் சுவருக்குள் நாம் எதிர்பார்க்கும் கண்ணியத்தை அடுத்த வீட்டாருக்கும் அளிப்போமாக.

வல்ல நாயன் உயிர்களையும் மானங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.