ஜே. எஸ்., ஆண்டு, ஓர் ஐ

பழைய உருவச் சிற்றோவியம் ஒன்று கைக்கு வரும்போது முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது நல்லது. முகம் பேச ஆரம்பித்துவிட்டால் மற்றது எதுவும் காதில் விழாது. தோளுக்குப் பக்கத்தில், பின்னணி நிறம் விளிம்பைத் தொடும் இடத்தில் லென்ஸை வைத்து மெல்ல நகர்த்த வேண்டும். கையெழுத்து இருந்தால் அநேகமாக அங்கேதான், நிறத்துக்குள் பாதி மறைந்து இருக்கும்.

ஜான் ஸ்மார்ட் என்ற ஆங்கில ஓவியர் நமக்கு அந்தச் சிரமத்தைக் குறைத்துவைத்திருக்கிறார். பெயரின் முதலெழுத்துகளான ஜே, எஸ் இரண்டையும் எழுதி, ஆண்டையும் போட்டுவிடுவார். 1785இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர் 1795 வரை இங்கே தொழில் செய்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவர் பிள்ளைகளையும் வரைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் வரைந்தார். அந்த ஆண்டுகளின் படங்களில் கூடுதலாக ஓர் எழுத்து சேர்ந்துகொள்கிறது: ஐ. ஆங்கிலத்தில் இந்தியா என்பதன் முதலெழுத்து. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் சென்னை வெயில்தான் என் நினைவுக்கு வருகிறது. ஈரக் காற்றில் வளையக்கூடியது, இந்தப் படங்கள் தீட்டப்பட்ட தந்தத் தகடு. வியர்வைத் துளி பட்டால் வண்ணம் கரையும். இந்த ஊரில் உட்கார்ந்து, கண்ணிமைக்கு அடியில் உள்ள சுருக்கத்தை ஒரு மனிதர் அவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்கிறார்.

*

கையெழுத்தைப் பின்னாளில் யார் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். அதனால் அதைப் பார்த்த பிறகும் வேலை முடிவதில்லை; கையின் பழக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் வரைந்த கன்னங்களில் தூரிகை போன தடமே தெரியாது. உதட்டோரம் சற்றே மேலே ஏறி நிற்கும். அதே காலத்தில் லண்டனில் இருந்த ரிச்சர்ட் காஸ்வே வேறு மாதிரி: பின்னால் மேகம் கலந்த நீல வானம், தந்தத்தின் வெண்மையையே தோலின் ஒளியாக விட்டுவிடும் துணிச்சல். ஜார்ஜ் எங்கிள்ஹார்ட்டின் ஆட்களுக்குக் கண் பெரியது. வாயின் இரு முனைகளிலும் சாம்பல் நிறத்தில் சாய்ந்த சிறு கீற்றுகள். 1775 முதல் 1813 வரை தாம் வரைந்த 4,853 படங்களைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்த மனிதர் அவர். அத்தனை படம் வரைந்த கை, அந்தக் கீற்றை யோசித்தா போட்டிருக்கும்? யோசிக்காமல் போட்டதாலேயே அதை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

பெரிய ஓவியங்களில் காதையும் நகத்தையும் பார்த்து வரைந்தவரைக் கண்டுபிடிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி மொரெல்லி என்ற இத்தாலியர் வகுத்தார். சிற்றோவியத்தில் பெரும்பாலும் கை இருக்காது, காதைத் தலைமயிர் மூடியிருக்கும். நமக்கு மிஞ்சுவது இமையும் உதட்டோரமும் மயிரின் போக்கும்.

*

பெயருக்கு முன்னால் காலத்தைக் கேட்க வேண்டும். 1795இல் பிரிட்டனில் தலைக்குப் போடும் மாவுக்கு வரி வந்தது, ஆளுக்கு ஒரு கினி. பலர் மாவு பூசுவதையே விட்டார்கள். ஆக, வெள்ளைத் தலையோடு ஒருவர் நின்றால் படம் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி என்று சொல்ல முடியாது; பழைய படத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் வரைந்த பிரதிகளும் உண்டு. பழைய பியானோக் கட்டையின் தந்தத்தை ஒட்டிப் பிற்காலத்தில் செய்த சட்டத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி அமர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். லென்ஸுக்கு அடியில் வரிசை வரிசையாக அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகத்துக்கும் இடமில்லை: அது அச்சுப் படம்.

*

பின்பக்கம். கண்ணாடிக்குள் பின்னிய தலைமயிர், அதன் மேல் பொன்னெழுத்தில் இரண்டு எழுத்துகள். அவை ஓவியருடையவை என்று எண்ணிப் பல பேர் தேடிக் களைக்கிறார்கள். பெரும்பாலும் அவை படத்தில் இருப்பவருடையவை, அல்லது அவரை நேசித்தவருடையவை. சட்டத்தைத் திறந்தால் உள்ளே ஓவியரின் விலாசச் சீட்டோ, தகட்டுக்கு முட்டுக்கொடுத்த தாளில் நாலு வரியோ கிடைக்கலாம். ஆனால் திறப்பது பழகிய கைக்குரிய வேலை. தாள் வண்ணத்தை உறிஞ்சும், தந்தம் உறிஞ்சாது. பிசின் கலந்த வண்ணம் மேலேயே படிந்து கிடக்கிறது. துடைக்கலாம் என்று ஈரப் பஞ்சை வைத்தால் முகம் பஞ்சோடு வந்துவிடும். அப்படி மூக்கும் வாயும் இழந்த படங்களைப் பார்க்கும்போது துக்கமாக இருக்கிறது. வீட்டார் அதைச் சுத்தப்படுத்தத்தான் நினைத்தார்கள்.

*

பெயர் தெரிந்த ஓவியருக்கு விலை உண்டு. அந்த ஆசை கண்ணைக் கொஞ்சம் வளைக்கும். நல்ல மேகம் தெரிந்தால் காஸ்வே, பெரிய கண் தெரிந்தால் எங்கிள்ஹார்ட் என்று மனசு முந்திக்கொள்கிறது. அவர்களைப் பார்த்து வரையப் பழகியவர்கள் எத்தனையோ பேர். இந்தியாவிலும் 19ஆம் நூற்றாண்டில் தில்லி ஓவியர்கள் தந்தத்தில் தீட்டும் வித்தையைத் தமதாக்கிக்கொண்டார்கள். அவர்களில் மிகப் பலர் கையெழுத்தே போடவில்லை. 'ஓவியர் தெரியவில்லை' என்று எழுதிய சீட்டை நான் மதிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதியவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்திருப்பார்.

*

கன்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஸ்மார்ட்டின் படங்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கின்றன. ஆண்டு வாரியாக அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு கை முதிர்வது தெரியும். அதில் சென்னை ஆண்டுகளும் வருகின்றன.

ஆனால் அவர் வரைந்தவர்களில் பலருக்குப் பெயர் இல்லை. பிரிந்திருக்கும்போது கையில் வைத்துப் பார்க்கத்தான் அந்த முகங்கள் வரையப்பட்டன. வரைந்தவர் பெயர் நின்றது, அவர்கள் பெயர் போயிற்று. ஸ்மார்ட் முதலில் தாளில் ஒரு மாதிரி வரைந்துகொள்வது வழக்கம். சில தாள்களில் உட்கார்ந்தவரின் பெயர் இருக்கிறது. அப்படி ஒரு தாளையும் பெயரில்லாத ஒரு தந்தத் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புருவம், மோவாய், சட்டைப் பொத்தான் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஓவியர் யார் என்று உறுதியான பிறகும் அவர்கள் லென்ஸைக் கீழே வைப்பதில்லை.