அளத்தில் ஒரு வகுத்தல்

தூத்துக்குடி உப்பளங்களில் யாரும் நிறைச் சதவீதம் என்று பேசுவதில்லை. ‘எத்தனை டிகிரி?’ என்பதுதான் கேள்வி. அடிக்குமிழில் கனம் வைத்த கண்ணாடிக் குழலைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொடும் கோட்டைப் படிக்கிறார்கள். உப்பு ஏற ஏறக் குழல் மேலெழும்பும்.

அந்த டிகிரி பிறந்ததே சதவீதத்திலிருந்துதான். பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768-ல் வகுத்த அளவு அது. வெறும் தண்ணீருக்குச் சுழி. 85 பங்கு நீரில் 15 பங்கு உப்பைக் கரைத்தால் 15. நூறு பங்கு நீரில் அல்ல, 85-ல்.

பிள்ளைகள் இடறும் இடமும் இதுவே. அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். அதற்காக 36 சதவீதம் என்று எழுதிவிட முடியாது. 36-ஐ 136-ஆல் வகுக்க வேண்டும்: 26.5. வகுக்கும் எண்ணுக்குள்ளும் உப்பு உட்கார்ந்திருக்கிறது. 10 கிராம் உப்பு, 90 கிராம் நீர் என்றால் 10 சதவீதம். இன்னொரு 10 கிராம் போட்டுப் பாருங்கள். 18-ஐத் தாண்டும், 20-ஐத் தொடாது.

அளத்தில் உப்பை யாரும் போடுவதில்லை. நீர்தான் போகிறது. தூத்துக்குடியில் நிலத்தடி உவர்நீரையும் இறைக்கிறார்கள். கணக்குக்குக் கடல் நீரே எளிது. 1,000 கிலோ கடல் நீரில் உப்புகள் சுமார் 35 கிலோ, அதாவது 3.5 சதவீதம். அது 7 ஆக 500 கிலோ நீர் ஆவியாக வேண்டும். 7 என்பது 14 ஆக 250 போதும். அங்கிருந்து, உப்பு விளையத் தொடங்கும் 25-ஐ ஒட்டிய நிலைக்கு 110 கிலோதான். பாத்தியில் மிஞ்சுவது 140. (வழியில் படியும் சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் விட்டுவிட்டேன்.)

வெயிலின் உழைப்பில் பெரும்பகுதி, பாத்தியில் ஒரு பரல்கூடத் தென்படாத காலத்திலேயே தீர்ந்துவிடுகிறது. தாளில் சுளுவாகத் தெரிகிற அந்த 110 கிலோவோ லேசில் போகாது. உப்பு மிகுந்த நீர் மெதுவாகத்தான் ஆவியாகும்.

ஐப்பசி மழை வந்தால் கணக்கு பின்னோக்கி ஓடும். ஒரு கல் உப்பு குறையாமலே, 140 கிலோவோடு 140 கிலோ மழைநீர் கலந்தால் 25 என்பது 12.5. கலந்தால்தான். மழைநீர் லேசானது, காற்று அசைக்காதவரை மேலாகவே நிற்கும். அதற்குள் மேல்தண்ணீரை வடித்துவிட்டால் அடியில் டிகிரி அதிகம் இறங்காது.