எட்டாம் கட்டளையும் பழைய ஏடுகளும்

கல்லூரி நூலகத்தில் பழைய ஏடொன்றைத் திறக்கும் மாணவன், இறந்துபோன ஒருவரைச் சாட்சி சொல்ல அழைக்கிறான். அவர் சொன்னவற்றுள் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையதை விட்டுவிட்டால், எழுந்து மறுக்க அவரால் இயலாது. பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை அயலாரைக் காக்கிறது. இறந்தோரும் நம் அயலார்தாமா?

1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. அவ்வாண்டிலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வரலாற்று ஆய்வு குறித்து ஒரு மடல் வரைந்தார். வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை 1881இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டவரும் அவரே. பொய் சொல்லத் துணியாமை, மெய் சொல்ல அஞ்சாமை என வரலாற்றாசிரியருக்குச் சிசரோ வகுத்த இரு கடமைகளை அம்மடலில் அவர் நினைவூட்டினார். இவற்றுள் இரண்டாவதே அரிது.

மதுரை மறைத்தளக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்களை, பெர்த்ராந்து அடிகளார் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். போரும் பஞ்சமும் அரசவைச் சூழ்ச்சியும் அவற்றில் பதிவாகியுள்ளன. மதுரை நாயக்கர் வரலாற்றை 1924இல் வெளியிட்ட சத்தியநாத ஐயர், தம் சமயத்தைக் கடிந்துரைக்கும் அம்மடல்களை ஒதுக்கவில்லை. சான்றாகக் கொண்டு எடைபோட்டார்.

காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தின் கோயிலொழுகும் இவ்வாறே ஆராயப்பட்டது. பல காலத்தவர் பக்தியோடு எழுதிச் சேர்த்த அந்நூலை ஹரிராவ் 1961இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தபோது, கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுதினார். படையெடுப்பின்போது வெளியேறிய திருவுருவம் திரும்பி வந்ததற்கு, 1371ஆம் ஆண்டுக்குரிய கோபண்ணாவின் கல்வெட்டு சான்றாக நிற்கிறது. ஏட்டைக் கல்லோடு உரைத்துப் பார்ப்பது பக்திக்கு இழுக்கன்று.

நம்மிடம் அந்நேர்மை உண்டா? 1693இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தரின் வீரத்தை மகிழ்ந்து படியெடுக்கிறோம். உயர்ந்தோர் எனப்பட்ட சாதியினர்க்குப் பிராமணத் துறவியர் கோலத்தில் சில குருக்கள், ஏனையோர்க்குப் பண்டாரசாமிகள் எனப் பணி பிரிக்கப்பட்டதைக் கூறும் பக்கம் வந்ததும் நம் எழுதுகோல் தயங்குகிறது. பிற்காலத்தில் ஆலயத்திற்குள்ளேயே சாதிக்கெனத் தடுப்புகள் நின்ற செய்தியையோ விரைந்து புரட்டிவிடுகிறோம்.

"தந்தையின் ஆடையின்மையை நோவாவின் மக்கள் மூடவில்லையா? முன்னோர் குறையை மறைப்பதும் அன்பு அன்றோ?" என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நோவாவின் குறையால் வேறெவரும் தாழ்த்தப்படவில்லை. இங்கோ தடுப்புக்கு அப்பால் முழந்தாளிட்டிருந்த ஓர் ஏழைத் தாய் இருக்கிறாள். முன்னோர்மீது நாம் போர்த்தும் போர்வை அவளுடைய காயத்தையும் மூடிவிடுகிறது. அங்ஙனம் எதுவும் நடக்கவில்லை என்று அவளுக்கெதிராகச் சான்று சொல்லிவிடுகிறது.

முன்னோர்க்கும் இரக்கம் காட்டுவோம். அவர்கள் காலத்தின் இருளையும் சேர்த்தே எழுதுவோம். நம் காலத்தின் இருளை நாளை யாரேனும் எழுதுவார்கள். பங்கு வரலாறு எழுதப் புகுவோர், பெருமை தரும் ஒரு வரியைப் படியெடுக்கும்போது அதன் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் படிக்கட்டும். எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் கண்டோம் என்பதைக் குறித்து வைக்கட்டும். பின்வருவோர் நம்மைச் சரிபார்க்க அது வழிவிடும். பேச இயலாத சாட்சிக்கு நாம் செலுத்த வேண்டிய நீதி அது.