தென்புலத்தார்க்குச் செய்யுங் கடன்

ஜப்பானியர் ஆண்டுதோறும் மூதாதையர் மனைக்கு மீள்வரெனக் கருதிப் ‘போன்’ என்னும் விழா எடுப்பர். பொதுச்சோலைகளிலும் விளக்கேற்றிக் கூடி ஆடுவர். கியோத்தோ நகரத்தார் ஆகஸ்டு 16-ஆம் நாளிரவில் ஐந்து மலைகளில் தீ வளர்த்து அவரை வழியனுப்புவர். விருதுநகர் மாவட்டத்தாரும் முன்னோர்க்குரிய ஆடி அமாவாசையிற் சதுரகிரி ஏறிச் சுந்தரமகாலிங்கரை வணங்குவர்.

வினைவழி வேறுடல் புக்க உயிர்க்கு ஈண்டு இடுவது எங்ஙனம் எய்தும் எனின், கூறுதும். வினை சடமாகலின் தானே சென்று பயன் தராது. எவ்வுடல் புகினும் உயிரைப் பிரியாது நிற்கும் இறைவனே அதனைக் கூட்டுவன்.

போன் விழாவின் மூலக்கதையில், புத்தர் மாணாக்கராகிய மொக்கல்லானர் பசித்துழன்ற தாய்க்கு இட்ட சோறு வாய்புகுமுன் தணலாயிற்று. துறவியரை ஊட்டிய பின்னரே அவள் துயர் தீர்ந்தது. இறந்தார்க்கு இடுவது இருப்பார் வழியே செல்லும் என்பது இதனாற் பெறப்படும்.

2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலைத் தீயில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாய்ந்தனர். அவர்க்கு எள்ளும் நீரும் இறைத்துவிட்டு, அத்தொழிலில் இன்று உழைப்பார் உயிரைக் காவாதொழியின் அக்கடன் கழியுமோ? கழியாது. உயிர்க்குயிராய் நிற்பானை வணங்குவோர் இருப்பாரைக் காத்தே இறந்தாரைப் பேணுவாராக.