ஓய்வு எவர் உடைமை?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் வழியில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. வெயில் காயக் காயத்தான் உப்பு விளையும். பிறர் நிழல் தேடும் மாதங்களே உப்பளத்தார்க்கு உழைப்புக் காலம். மழை வந்தால் பாத்திகள் மூழ்கும், கைகள் சும்மா இருக்கும், கூலியும் இராது. இதனை ஓய்வு என்போமா? அன்று, இது பட்டினியின் மறுபெயர்! நாளைக்குச் சோறு உண்டு என்ற உறுதியோடு இளைப்பாறுவதே ஓய்வு.

அந்த ஓய்வு எவர் உடைமையாக இருந்தது? 19-ஆம் நூற்றாண்டின் ஓவியங்களைக் கேட்போம்.

இரவிவர்மா 1893-இல் தீட்டிய 'அப்பா வருகிறார்' ஓவியத்தில், செல்வக்குடி மங்கை ஒருத்தி குழந்தையை ஏந்தித் தந்தை வரும் திசையை நோக்குகிறாள். அழகிய ஓவியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த இல்லத்திற்கு நெல் குத்தியவள் எங்கே? நீர் சுமந்தவள் எங்கே? சட்டத்திற்குள் அவளுக்கு இடமில்லை!

வெள்ளையர்க்காகத் தஞ்சை ஓவியர்கள் வரைந்த சாதித் தொகுப்புகளில் உழைப்பாளிக்கு இடம் கிடைத்தது, பெரும்பாலும் தொழிற்கருவியோடு! சீமானுக்கு ஓய்வு அடையாளம். உழைப்பாளிக்குக் கருவி அடையாளம். கருவியைக் கீழே வைத்தால் அவன் மனிதனாகத் தெரிந்துவிடுவான் அல்லவா?

1884-இல் பிரெஞ்சு ஓவியர் சூரா, ஆற்றங்கரையில் இளைப்பாறும் எளிய மக்களைத் தீட்டினார். பின்புறத்தில் ஆலைப் புகைபோக்கிகள். 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். மன்னர்க்கும் தேவர்க்கும் ஒதுக்கப்பட்டிருந்த அளவு! பாரிசுப் பெருங்காட்சியின் தேர்வுக்குழு அதனை ஏற்க மறுத்தது.

இரவிவர்மாவின் ஓவியங்கள் 1893-இல் சிகாகோ கண்காட்சிக்குச் சென்று பரிசு பெற்றன. அதே நகரில்தான், 1886-இல், எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளர் குருதி சிந்தினர். அவர் கேட்டது என்ன? ஓவியத்து மங்கைக்குப் பிறப்பால் வாய்த்த அந்த மாலைப்பொழுதை! 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடியதும் அதே உரிமைக்காகத்தான்.

"ஏழைக்கு ஓய்வு தந்தால் சோம்பேறியாவான்" என்பார் உண்டு. செல்வர் சாய்ந்தால் இளைப்பாறல். உழைப்பவர் அமர்ந்தால் சோம்பல்! இது அறமா, அகராதிப் பிழையா?

தோழர்களே, பழைய ஓவியர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. விடுமுறை நாளில் அதே கோவளச் சாலையில் கடல் காணச் செல்கிறோம். உப்புக் குவியலின் வெண்மையைக் கண்டு வியக்கிறோம். குவித்த கைகளைக் காண்கிறோமா? உப்பளத்துப் பெண்ணொருத்தி, கூலி குறையாத ஒரு நாளில், தன் பிள்ளைகளோடு அந்தக் கடற்கரையில் கால் நீட்டி அமரவேண்டும். அந்த ஓவியம் இன்னும் தீட்டப்படவில்லை. தூரிகை நம் கையில்தான் இருக்கிறது!